“ஏன்” என்று சொல்லி அங்கேயே நிறுத்துங்கள்

அலுமாரியின் இரண்டாவது தட்டில் மூன்று கோப்புகள் வைத்திருக்கிறேன். நீலக் கோப்பில், புதிதாக வரும் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள். பச்சைக் கோப்பில், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளின் படங்கள். சிவப்புக் கோப்பில், ஊசியைத் தொடாமலே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய அறிகுறிகள். அடுத்த மாதம் நான் வவுனியாவுக்குப் போய்விடுவேன். பதுளையிலுள்ள இந்த அக்குபங்சர் சிகிச்சை நிலையமும், வியாழக்கிழமைகளில் பெரகலையில் நடத்தும் சிறிய கிளினிக்கும் அதன்பிறகு உங்கள் இருவர் கையில். பட்டியல் போடுவதில் நான் குறை வைக்கமாட்டேன் என்பது இந்த இரண்டு வாரத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பென்சில் சீவியை எங்கே வைப்பது என்பதற்கும் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்.

ஆனால் எட்டு வருடத்தில் நான் செய்த பெரிய பிழைகள் எதுவும் பட்டியலில் ஒரு வரி விடுபட்டதால் வந்தவை அல்ல. பட்டியல் கையில் இருக்கும்போதே செய்தவை. அவற்றில் ஒன்றைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். அதற்கு முன், மறந்தால் ஆபத்தான ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், வாய் சரியாகத் திறக்கவில்லை என்று ஒருவர் வந்தார். தாடை மூட்டுப் பிரச்சினை என்று நானே முடிவு செய்து, ஊசிகளை வரிசையாக எடுத்து வைத்தேன். என்னைப் பழக்கிய டொக்டர் பின்னால் வந்து நின்றார். என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு ஒரு டார்ச்சைக் கொடுத்தார். வாய்க்குள்ளே பார்த்தேன். முப்பது வருட வெற்றிலைப் பழக்கம். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தோல் போல விறைத்திருந்தது. அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நேரத்தோடு போனதால் அவர் இன்றும் பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்து, “வெத்தலைய விட வச்ச பாவி” என்று அன்போடு திட்டுகிறார். ஊசிப் பெட்டிக்கு முன்னால் டார்ச். இதற்கு விளக்கம் வேண்டாம், பழக்கம் போதும்.

இனி, பரமேஸ் அக்காவின் கதை.

பரமேஸ்வரி என்பது நான் வைத்த பெயர். இதை எழுதலாமா என்று கேட்டபோது, “எம்பேரையே போடுங்க மிஸ், என்னா இப்ப” என்றார். விதி விதிதான் என்று மாற்றிவிட்டேன். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டம். முப்பத்தெட்டு வயது. பதினேழு வருடம் கொழுந்து பறித்தவர். பெரகலைச் சந்தியில் மருந்துக்கடை நானாவின் கடைக்குப் பின்னாலிருக்கும் நம்முடைய அறைக்குத் தலைவலியோடும் தாடைவலியோடும் வந்தார். வாயைத் திறக்கும்போது காதுக்கு முன்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

கொழுந்து பறிக்கும் பெண் தலைவலி என்று வந்தால் என் பேனா தானாகவே ஒரு கட்டத்துக்குப் போய்விடும்: தலையில் மாட்டும் கூடைக் கயிறு. அவர் உட்காருவதற்கு முன்பே அந்தக் கட்டத்தில் சரி போட்டுவிட்டேன்.

“கூடையத் தூக்குறப்போ கயிறு தலையில எந்த எடத்துல அழுத்துதுக்கா?”

“கூடையா? நான் கூடைய எறக்கி வச்சி ஒன்றரை மாசமாச்சே மிஸ். தலைவலியே அதுக்கப்பறந்தான வந்துச்சு.”

பேனாவால் போட்ட சரி அழியாது. அதன்மேல் கிறுக்கிய கறுப்புக் கறை அவருடைய அட்டையில் இன்னும் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

அவர் கங்காணி ஆகியிருந்தார். அந்தத் தோட்டத்தில் அதுவரை கங்காணி என்றால் ஆண்தான். மலையில் நாற்பது பெண்கள் பறிப்பார்கள். பின்னால் நின்று மேற்பார்ப்பவர் ஓர் ஆணாக இருப்பார். முதல் தடவையாக ஒரு பெண்ணை, மூன்று மாதத்துக்குப் பரீட்சார்த்தமாகப் போட்டிருந்தார்கள். சரியாக வந்தால் பதவி நிரந்தரம். வராவிட்டால் மறுபடியும் கூடை.

“கூடை எனக்குப் புதுசில்ல மிஸ்,” என்றார். “ஆனா நான் தோத்துட்டா இன்னொரு பொம்பளையப் போடமாட்டாங்க. ‘போட்டுத்தான் பாத்தோமே, சரி வரலையே’ன்னுருவாங்க. அதான் பயம்.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். வெற்றிலைப் பழக்கம் இல்லை, வாய்க்குள் எல்லாம் சுத்தம். பல் வைத்தியர் ஏற்கெனவே பார்த்து, பல்லில் குறையில்லை என்றிருந்தார். சிவப்புக் கோப்பின் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. துணியை முறுக்கித் தலையைச் சுற்றிக் கட்டியது போன்ற வலி. காலையில் தொடங்கி மாலையில் கூடும். ஒருவருடைய வாயில் அவருடைய சொந்த விரல்கள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக நுழைய வேண்டும். இவருக்கு இரண்டுதான் நுழைந்தன. இரண்டாவதும் மனமில்லாமல்தான் போனது.

ஊசியை எடுத்ததும் சந்தேகமாகப் பார்த்தார்.

“இதுல மருந்து?”

“மருந்து இல்லக்கா. வெறும் ஊசிதான்.”

“வெறும் ஊசி எங்க வீட்டுலயே இருக்கே, துணி தைக்கிறது. அதுக்கா பஸ் ஏறி வந்தேன்?”

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நானா சிரித்தது கேட்டது. அந்தத் தடுப்பு கண்ணுக்குத்தான், காதுக்கு அல்ல. ரகசியமாகக் கேட்க வேண்டியவற்றை நானா தொழுகைக்குப் போகும் நேரத்தில் கேளுங்கள்.

கையிலும் கழுத்திலும் தாடைத் தசையிலுமாக ஊசிகள் வைத்தேன். ஐந்தே நிமிடத்தில் அக்கா தூங்கிவிட்டார். எழுப்பி, தாடையைத் தளர்த்தும் எளிய பயிற்சிகளைக் காட்டினேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, நல்ல மனத்தோடு, தெளிவான குரலில், என் தொழில் வாழ்க்கையின் மிக மோசமான அறிவுரையைச் சொன்னேன்.

“பலன் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும்க்கா. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்கங்க.”

அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை அவர் வாயில் ஒன்றரை விரல்தான் நுழைந்தது. நான் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினேன். ஊசி வைத்த இடம் தவறா? பயிற்சியைத் தலைகீழாகச் செய்கிறாரா? மூட்டின் உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா? மூன்று கேள்விகளையும் தாளில் எழுதி, எண் போட்டுவிட்டு, “நான் சொன்னதெல்லாம் செஞ்சீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“எல்லாம் செஞ்சேன் மிஸ். அந்தக் கடைசியில சொன்னதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.”

“கடைசியில என்ன சொன்னேன்?”

“பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கச் சொன்னீங்களே.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் மாத்திரை எண்ணும் சத்தம் நின்றது.

“ஐயோ அக்கா, நான் அப்படிச் சொல்லல. அது சும்மா பேச்சுக்குச் சொல்றது.”

“தெரியும் மிஸ், நான் என்ன பச்சப்புள்ளையா?” என்று அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டு சொன்னார்: “ஆனா எல்லாரும் அதத்தான சொல்றாங்க. வீட்டுக்காரரு, ‘மூணு மாசம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு’ன்னாரு. ஒபீசு கணக்கப்புள்ள, ‘யாரு என்ன சொன்னாலும் பல்லைக் கடிச்சிக்க, பதில் பேசாத’ன்னாரு. மத்த கங்காணிமாரு நான் போறப்ப, ‘பாத்து, சேலை தடுக்கும்’ பாங்க. கடிச்சிக்குவேன். சின்னத்துரை எல்லாத்துக்கும் என்னைய விட்டுட்டு எனக்குப் பின்னாடி நிக்கிற ஆளப் பாத்துப் பேசுவாரு. கடிச்சிக்குவேன். இங்க வந்தா நீங்களும் அதையே சொன்னீங்க. சரி, வைத்தியமும் அதுதான் போலன்னு நெனைச்சேன்.”

நான் எழுதிய மூன்று கேள்விகளையும் வெட்டினேன். நம்முடைய மொழியில் பொறுமைக்குக் கொடுத்திருக்கும் மருந்துச் சீட்டே தாடையை இறுக்குவதுதான். அதை அந்த அம்மாவுக்கு வேளாவேளைக்கு எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். கடைசி வேளை என் கையால் போயிருக்கிறது.

நோயாளியிடம் போகும் முன் உங்கள் வாயிலுள்ள வழக்குச் சொற்களை ஒருமுறை தட்டிப் பாருங்கள். ‘தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள்’, ‘கழுத்தை நீட்டாதீர்கள்’, ‘தோள் கொடுங்கள்’ என்றெல்லாம் உடம்பை வைத்தே நாம் பேசுகிறோம். உடம்பைத் திருத்தும் வேலையில் இருப்பவர்களுக்கு அது கொஞ்சம் வழுக்கும் தரை.

அன்று சிகிச்சையை முதலிலிருந்து தொடங்கினோம். உதடு சேரலாம், பல் சேரக்கூடாது. சாப்பிடும் நேரம் தவிர மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். நாக்கின் நுனி, மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில் மெல்ல ஒட்டியிருக்க வேண்டும். நாக்கு அங்கே இருந்தால் தாடை தானாகவே தளரும்.

நாக்கை அந்த இடத்துக்குக் கொண்டுபோகத்தான் சிக்கல். நான் படித்த புத்தகத்தில் ஓர் ஆங்கில எழுத்தை உச்சரிக்கச் சொல்லியிருக்கும். நமக்கு அந்த ஒலியில் மூன்று இருக்கின்றன. ‘ந’ பல்லில் இடிக்கும். ‘ண’ நாக்கை மடக்கும். ‘ன’ தான் சரியான இடம். ஆகவே ‘ன்’ என்று முடியும் சொல் ஒன்று வேண்டும். ‘நான்’ சொல்லச் சொன்னேன். பேச்சில் அந்தக் கடைசி எழுத்து மூக்கு வழியாகப் போய்விட்டது. நாக்கு எங்கேயும் தொடவில்லை. ‘அவன்’ சொன்னார். அதுவும் அப்படியே. ‘மீன்’, ‘தேன்’ என்று கடைத்தெருவெல்லாம் சுற்றினோம். ‘மீனு’, ‘தேனு’ என்று வாலோடுதான் வந்தன.

அலுத்துப்போய் அக்கா கேட்டார்: “ஏன்?”

“அதேதான்! அப்படியே நிறுத்துங்க! நாக்க எடுக்காதீங்க!”

அவர் அசையாமல் இருந்தார். நாக்கு சரியான இடத்தில் ஒட்டியிருந்தது. பற்கள் விலகியிருந்தன. அழுத்திக் கேட்டால் முழு எழுத்தும் நிற்கும் சொல் அது ஒன்றுதான். “ஏன்” என்று சொல்ல வேண்டும், அங்கேயே நிறுத்த வேண்டும், நாக்கை எடுக்காமல் உதட்டை மட்டும் மூட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டார். பல் சேர்ந்திருப்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் என்றேன். நினைவுக்கு வருவதற்காக ஓர் ஒட்டுப்பொட்டு அட்டையைக் கொடுத்து, அடிக்கடி கண்ணில் படும் இடங்களில் ஒட்டச் சொன்னேன். குடைப்பிடியில் ஒன்று, போனில் ஒன்று, பெயர் பதியும் கொப்பியில் பக்கத்துக்கு ஒன்று என்று அவர் அங்கேயே ஒட்டத் தொடங்கிவிட்டார்.

“மெதுவாச் சொன்னாப் போதும்க்கா,” என்றேன். இந்த மலையிலிருந்து அந்த மலைக்குக் குரல் கொடுத்துப் பழகியவர் அவர். அவருடைய ‘மெதுவா’ எவ்வளவு என்று நான் அளந்து பார்க்கவில்லை. நீலக் கோப்பில் அந்தக் கேள்வி இப்போது இருக்கிறது.

ஒரு வாரத்தில் இரண்டு விரல். அதற்கடுத்த வாரம் இரண்டேகால் என்று எழுதியிருக்கிறேன். தலைவலி இல்லாத நாட்கள் இரண்டு. பெரகலையிலிருந்து பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்வது!

மூன்றாவது வாரம் அவர் முறைக்கு முன்பே வந்து, வரிசையில் உட்காராமல் கதவருகே நின்றார்.

“மிஸ், ஒங்க ‘ஏன்’ என்னைய ஒபீசு வரைக்கும் கொண்டுபோயிருச்சு.”

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலை பெரட்டு. அதாவது, எல்லோரும் கூடி நின்று அன்றைய வேலையைப் பிரித்து வாங்கும் நேரம். சின்னத்துரை, தோட்டத்தின் உதவி நிர்வாகி, இளவயதுக்காரர். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்காமலே உத்தரவு சொன்னார்: “இன்னைலருந்து கொழுந்து நிறுக்கிறது கீழ்க் கொட்டில்ல. மேல் கொட்டில் மூடியாச்சு.” கீழ்க் கொட்டில் என்பது செங்குத்தான படிகளுக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவைக்கும் பெண்கள் கொழுந்தைச் சுமந்துகொண்டு இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை.

பரமேஸ் அக்கா உத்தரவைக் குறித்துக்கொள்ளக் கொப்பியைத் திறந்தார். பக்கத்தில் பொட்டு. பல் இறுகியிருந்தது தெரிந்தது.

“ஏன்,” என்றார். சொல்லி, நான் கற்றுக்கொடுத்தபடி, அங்கேயே நிறுத்தினார்.

“மெதுவாத்தான் மிஸ் சொன்னேன்.”

“எவ்வளவு மெதுவா?”

“பெரட்டுக்களத்துக்கு வெளிய நின்ன நாயி காதத் தூக்குச்சு.”

சின்னத்துரை தலையைத் திருப்பி, “என்னா?” என்று கேட்டிருக்கிறார். அக்கா மறுபடியும் “ஏன்” என்றார்.

அந்தப் பெரட்டுக்களத்தில் அப்படி ஒரு சொல்லை யாரும் கேட்டதில்லையாம். சின்னத்துரை மோட்டார் சைக்கிளின் எஞ்சினை நிறுத்தினார். “லொறி மேல வராது. பாலம் ஒடைஞ்சி கெடக்கு,” என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “பாலங் கட்டி முடிஞ்சிருச்சுங்களே ஐயா. நேத்துக்கூட லொறி மேல வந்துச்சு. ஐயாதான் கொழும்புக்குப் போயிருந்தீங்க,” என்றாள். யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் நாற்பது பேரும் சிரிப்பார்கள். சின்னத்துரை காது சிவந்துபோய், “சரி, மேல் கொட்டில்லயே நிறுங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால், சேலை தடுக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த கங்காணிகளில் ஒருவர் மாலைக்குள் ஒபீசுக்குப் போய், பெரட்டில் நாற்பது பேர் முன்னால் அந்தப் பொம்பளை துரையை எதிர்த்துக் கேட்டாள் என்று சொல்லிவிட்டார். தோட்டத்தின் பெரிய துரை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அக்காவை வரச் சொல்லியிருந்தார். மூன்று மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

“கணக்கப்புள்ளதான் சொன்னாரு, ‘அது வைத்தியம்னு கிளினிக்குல ஒரு துண்டு எழுதி வாங்கிட்டு வா, பிரச்சினை முடிஞ்சிரும்’னு. குடுப்பீங்களா மிஸ்?”

வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். சொல்லைக் கொடுத்தது நான், பொட்டைக் கொடுத்தது நான். இப்போது ஒரு பெண்ணின் பதவி, அவருக்குப் பின்னால் வரக்கூடிய பெண்களின் பதவி, எல்லாம் என்னுடைய ‘ன்’ ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கடிதத்தாளை எடுத்து வேகமாக எழுதினேன். வழக்கம்போல எண் போட்டு, நான்கு வரிகள்.

என்னைப் பழக்கிய டொக்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நோயாளியைப் பற்றி எழுதும் எதையும் அந்த நோயாளிக்கே வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடக்கூடாது. அவசர நேரத்தில் இது எரிச்சலாக இருக்கும். அன்றும் இருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே வாசித்தேன்.

“ஒன்று: இவருக்கு இறுக்கத் தலைவலியும் தாடை மூட்டுக் கோளாறும் உள்ளன. இரண்டு: அவற்றுக்கு எம்மிடம் ஊசிச் சிகிச்சையும் பயிற்சியும் பெற்று வருகிறார். மூன்று: செவ்வாய்க்கிழமை இவர் உச்சரித்த சொல் அந்தப் பயிற்சியின் பகுதி, அது கேள்வி அல்ல. நான்கு: உரத்த குரலில் பேசுவதைச் சில வாரங்களுக்குக் குறைத்துக்கொள்வது நல்லது.”

“நாலாவது பொல்லாதது மிஸ்,” என்றார் அக்கா. “‘பாவம், சத்தம் போட ஏலாதாமே, கூடையவே எடுக்கட்டும்’னு மரியாதையா அனுப்பிருவாங்க.”

அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு குற்றத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, அவரை அனுப்பிவிட இன்னொரு காரணத்தை நானே எழுதிக் கையெழுத்துப் போடப் பார்த்தேன்.

“நாலாவத வெட்டிர்றேன்க்கா.”

“மூணாவதையும் வெட்டிருங்க.”

“மூணாவது இல்லாட்டி கடிதமே தேவையில்லையேக்கா. அதுதான ஒங்களக் காப்பாத்துது?”

“அது பொய்யி மிஸ்.”

மூன்றாவது வரியின் மேல் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

“மொத ‘ஏன்’ ஒங்களோடது,” என்றார் அக்கா. “பொட்டப் பாத்தேன், சொன்னேன். அவரு ‘என்னா’ன்னு கேட்டப்ப நான் சும்மா இருந்திருக்கலாம். ‘ஒண்ணுமில்லைங்க’ன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டாவது ‘ஏன்’ என்னோடது. அந்தப் படியில ஏறி எறங்கப் போறது எங்க ஆளுங்க. நாந்தான் கேட்டேன். கேக்கலைன்னு நீங்க எழுதிக் குடுத்தா, நாளைக்கு நான் எப்பிடி மிஸ் இன்னொண்ணு கேப்பேன்?”

அந்தக் கடிதத்தில் பாதி அவருக்காக எழுதியது. மீதிப் பாதி என் மனம் லேசாவதற்காக எழுதியது. நெருக்கடியில் உங்கள் கை வேகமாக ஓடினால், யாருடைய வலிக்காக ஓடுகிறது என்று கேளுங்கள். தாளை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

“அப்ப நாளைக்கு என்னதான்க்கா சொல்லப் போறீங்க?”

“தெரியல மிஸ். என்ன சொன்னாலும் பல்லு சேராம சொல்லிருவேன்.”

அன்று தாடையில் ஊசி வைக்கவில்லை. ஊசி வைத்த தசையில் மறுநாள் சில பேருக்குக் கொஞ்சம் நோவு இருக்கும்; அவருக்கோ மறுநாள் வாய் தேவை. கையிலும் கழுத்திலும் மட்டும் வைத்தேன். இந்த முறை அவர் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் பதுளையில் இருந்தேன். மூன்று மணிக்கு ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியருக்குத் தலையில் வைத்த ஊசிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. அவர் நன்றி சொல்லி, தொப்பியைக் கையில் பிடித்தபடி பசார் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். குனிந்து உச்சந்தலையைக் காட்டி, “இது ஒங்களோடதா பாருங்க மகள்,” என்றார். நரைமுடிக்குள் ஓர் ஊசி நிமிர்ந்து நின்றது. வைக்கும்போது எண்ணி எழுதுங்கள், எடுக்கும்போது எண்ணி எழுதுங்கள், மனம் எங்கே இருந்தாலும். அவர் சிரித்ததால் தப்பித்தேன். எல்லா ஆசிரியர்களும் சிரிக்கமாட்டார்கள்.

நாலரைக்குப் போன் வந்தது.

“என்னக்கா ஆச்சு?”

“பெரிய துரை ஒக்காரச் சொன்னாரு மிஸ்.”

“அப்பறம்?”

“ஒக்காந்தேன்.”

“அக்கா!”

“சொல்றேன், சொல்றேன். ‘பெரட்டுல ஏன் அப்பிடிக் கேட்ட’ன்னாரு. எனக்கு வேற ஒண்ணும் வரல மிஸ். ‘ஐயாவும் இப்ப ஏன்னுதான கேக்குறீங்க. தெரிஞ்சிக்கத்தான கேக்குறீங்க? நானும் அதுக்குத்தாங்க கேட்டேன்’ன்னேன். கணக்கப்புள்ள இருமிக்கிட்டே வெளிய போயிட்டாரு.”

“துரை என்ன சொன்னாரு?”

“பாலம் என்னைக்கு முடிஞ்சிச்சுன்னு கேட்டாரு. ஒபீசுல யாருக்கும் தேதி தெரியல. என் கொப்பியில இருந்துச்சு. எடுத்துக் காட்டுனேன். ‘இது என்னா, பக்கத்துக்குப் பக்கம் பொட்டு’ன்னாரு.”

“என்ன சொன்னீங்க?”

“‘அது எனக்கும் எங்க மிஸ்ஸுக்கும் உள்ள கணக்குங்க’ன்னேன். போயிட்டு வரச் சொன்னாரு.”

போயிட்டு வா என்றால் வேலைக்கா, வீட்டுக்கா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இரண்டு வாரம் அந்தக் கேள்வியோடு இருந்தோம். அந்த இரண்டு வியாழனும் அவர் வந்தார், பயிற்சி செய்தார், பல்லைக் கடிக்காமல் காத்திருப்பது எப்படி என்று இருவரும் சேர்ந்து கற்றுக்கொண்டோம்.

மூன்று மாதம் முடிந்த வாரம் அக்கா வந்து, மேசையில் தோட்டக் கடிதத்தை விரித்து வைத்தார். நிரந்தரம். அதன் கீழே, அடுத்த மலைக்கு இன்னொரு பெண்ணைப் பழக்கச் சொல்லியும் ஒரு வரி இருந்தது. அதை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு அதே கையின் மூன்று விரல்களை வாயில் நுழைத்துக் காட்டினார். மூன்றும் நுழைந்தன. ‘டிக்’ சத்தம் எப்போதாவது வருகிறது. அது வலியில்லாத சத்தம், விட்டுவிடலாம். தலைவலி மாதத்துக்கு ஓரிரு தடவை. குறைந்தது ஊசியாலா, பயிற்சியாலா, பெரட்டில் கேட்ட கேள்வியாலா என்று யாராவது உங்களிடம் கேட்டால், பிரித்துச் சொல்ல முடியாது என்று உண்மையைச் சொல்லுங்கள். அட்டையில் மூன்றையும் எழுதியிருக்கிறேன்.

“இப்ப பெரட்டு எப்பிடிக்கா இருக்கு?” என்று கேட்டேன்.

“சின்னத்துரைதான் பாவம் மிஸ். இப்ப மோட்டார் சைக்கிள்லருந்து எறங்கி, என்னையப் பாத்துத்தான் பேசுறாரு. எதச் சொன்னாலும், ‘இன்னைக்கு ஒம்பதாம் நம்பர் மலை, ஏன்னா...’, ‘நாளைக்கு வெள்ளன வரணும், ஏன்னா...’ அப்பிடின்னு ஏன்னா போட்டுத்தான் சொல்றாரு. ஆளுங்க எல்லாம் சிரிப்ப அடக்கிக்கிட்டு நிக்கிதுங்க.”

“நீங்க?”

“நானா? நான் வாயத் தொறக்குறதே இல்லையே.”